யாழ்ப்பாணத்துப் பழைய கல்லறைகளைப் படித்துப் பதிவு செய்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவருக்கு

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்து பூட்டனாரின் கல்லறையைத் தேடுபவர், பாடசாலை வரலாற்று மன்றத்து மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலர் இப்போது பழைய சேமக்காலைகளுக்குள் நுழைகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலானோர் போனைத் தூக்கிக்கொண்டு போய் நாலு படம் எடுத்து, கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, எழுத்து விளங்காமல் திரும்பி வருகிறார்கள். வேலையை ஒழுங்காகச் செய்தால் அரை நாளில் ஒரு சிறிய வளவையே பதிந்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலில்: எந்த நிலம், யாருடையது

ஊருக்குள் போய் "கல்லறை எங்கே இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் சரியான வழி கிடைக்காது. கிறிஸ்தவர்களின் அடக்க நிலத்துக்கு இங்கே சேமக்காலை என்று பெயர். இந்துக்களுடையது சுடலை அல்லது மயானம். முஸ்லிம்களுடையது மையவாடி. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பெயர் பொறித்த பழைய கல் வேண்டும் என்றால் கிறிஸ்தவ நிலங்களில்தான் தொடங்க வேண்டும். யாழ் நகரத்துக் கத்தோலிக்கருக்குக் கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துக் கற்களுக்குச் சுண்டிக்குளி பரி. யோவான் ஆலய வளவு. அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கி வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று பரவியது. அந்த ஆலயங்களைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டு அடக்கங்கள் உண்டு. உடுவில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் வின்சிலோ 1833 ஜனவரியில் உடுவிலிலேயே காலமானார், அடக்கமும் அங்கேதான். 1950களில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் இவருடைய கொள்ளுப்பேரன். உடுவிலிலேயே பலருக்கு இது தெரியாது.

மானிப்பாய்க்குப் போய் டொக்டர் கிறீனின் கல்லறையைத் தேடாதீர்கள். தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1873இல் ஊர் திரும்பி, 1884இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் இறந்தார். "தமிழருக்கான மருத்துவ ஊழியர்" என்ற பொருள்பட எழுதிய கல் அங்கேதான் நிற்கிறது.

ஒல்லாந்தர் காலத்துக்குப் போனால் கோட்டை. கோட்டைக்குள் 1706இல் கட்டிய பெரிய ஆலயத்தின் தரையிலேயே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையோடு அந்த ஆலயம் அழிந்தது. இப்போது போனால் இடிபாடுதான். ஆனால் ஆங்கிலேய சிவில் அதிகாரியான ஜே. பி. லூயிஸ் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் அச்சிட்டுவிட்டார். கல் போனாலும் வாசகம் மிஞ்சியது அப்படித்தான். நீங்கள் செய்யப்போகும் வேலையும் அதுதான்.

இந்துக்களிடம் கல் தேடினால் ஏமாற்றம்தான். உடலை எரித்து, காடாத்திச் சாம்பல் அள்ளி, ஒரு மாதமளவில் அந்தியேட்டிக் கிரியையும் முடித்து, சாம்பலைக் கடலில் கரைத்த பிறகு கல்லுக்கு என்ன வேலை? கோம்பயன்மணல் சுடலையிலோ வில்லூன்றிச் சுடலையிலோ நூறு வருடத்துப் பெயர்ப்பலகை கிடைக்காது. துறவிகளின் சமாதிகள் வேறு. வண்ணார்பண்ணை நீராவியடியில் கடையிற் சுவாமிகளின் சமாதி கோயிலாகவே நிற்கிறது. மற்றவர்களுக்குக் கல் இல்லாவிட்டாலும் காகிதம் உண்டு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மையவாடிகளில் பெரும்பாலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளமாக நட்ட மீசான் கல் மட்டும் இருக்கும். பெயர் இல்லாததே அதிகம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த ஆண்டுகளில் எத்தனையோ அடையாளங்கள் போயிருக்கும். இங்கே கல்லைவிடப் பெரியவர்களின் நினைவுதான் ஆவணம். பள்ளிவாசல் நிர்வாகத்தோடு பேசி, ஒரு மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் ஆதிக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு ஆனைக்கோட்டை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டு ஈமக்குழிகளை அகழ்ந்தபோது பிராமி எழுத்தும் குறியீடுகளும் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. கந்தரோடையில் முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) ஆன சிறு தூபிகள் வரிசையாக நிற்கின்றன. அவை துறவிகளின் எச்சங்கள் மேல் எழுப்பியவை என்பது ஒரு கருத்து. இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள். பழகும் கைகளுக்கு ஏற்றவை அல்ல.

கடைசியாக, பலரும் சொல்லத் தயங்கும் விஷயம். இங்கே சுடலைகளும், சில ஊர்களில் சேமக்காலையின் மூலைகளும்கூட சாதிப்படி பிரிந்தவை. வரைபடத்தில் இரண்டு மயானம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. வசதியான பக்கத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு "ஊரின் சேமக்காலை" என்று தலைப்பு வைப்பவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள்.

அனுமதி

ஆலய வளவு என்றால் பங்குத் தந்தையிடமோ குருவானவரிடமோ கேளுங்கள். பொது மயானம் என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை. யாரிடம் கேட்பது என்று விளங்காவிட்டால் கிராம அலுவலரிடம் போங்கள், அவருக்குத் தெரியும். கோட்டையும் கந்தரோடையும் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே பார்க்கலாம், எதையும் அசைக்கக்கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பற்றி ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கல் உங்கள் பாட்டனுடையதாகவே இருந்தாலும் நினைத்தபடி திருத்த முடியாது.

கடிதத்தைவிடப் பெரிய அனுமதி ஒன்று உண்டு. வளவைக் கூட்டிப் பெருக்கும் ஆளோடு பேசுங்கள். எந்தக் கல் எப்போது சரிந்தது, எந்தக் குடும்பம் இன்னும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறது, எது புதிதாக நிறம் அடித்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

எப்போது போவது, என்ன கொண்டு போவது

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்திய கிழமைகளில் சேமக்காலைகள் எல்லாம் துப்புரவாகும். குடும்பங்களும் வரும். கதை கேட்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் கமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்காதீர்கள். அமைதியாக வேலை செய்ய தை, மாசி நல்லது. மாரி முடிந்து புல் காயத் தொடங்கியிருக்கும், வெயிலும் இன்னும் கொடுமையாகாது.

கொப்பி, பென்சில், அளவு நாடா, மெல்லிய பிறஷ், போத்தலில் தண்ணீர், ரோச் லைட், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பேனை வேண்டாம், வியர்வை பட்டால் கரையும். மூடிய சப்பாத்துப் போடுங்கள். பாம்புக்குப் பயந்து மட்டுமல்ல, பனையின் கருக்கு மட்டையில் கால் வைத்தால் தெரியும். வலிகாமம் வடக்கில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். விவாதமே வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், போய் வந்ததும் துடக்கு என்று கிணற்றடியில் தோய்ந்துவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். தோய்ந்துவிட்டே வாருங்கள். புழுதிக்கும் அது நல்லதுதான்.

கல்லின் முன் நின்று

தொடாதீர்கள். முதல் வேலை பார்ப்பது. முழுக் கல்லறையையும் நாலு பக்கமும் படம் எடுங்கள், பிறகு வாசகத்தை நேரே நின்று ஒரு படம். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று தெரிய, தூரத்திலிருந்தும் ஒன்று.

நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ வெயில் சரிந்து விழும்போது, மதியம் வெறும் பலகையாகக் கிடந்த கல்லில் வரிகள் எழும்பி வரும். கல் நிழலில் இருந்தால் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பாய்ச்சச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் வாசிக்க. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கச் சாய்க்க ஒரு கோணத்தில் '1' என்று நினைத்தது '4' ஆகத் தெரியும். அந்தக் கோணத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். இருட்டிய பிறகு ரோச் லைட்டும் இதே வேலையைச் செய்யும்.

சில சலவைக்கற்களில் எழுத்தை ஈயத்தால் பதித்திருப்பார்கள். ஈயம் உதிர்ந்த இடத்தில் சிறு துளைகள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு எழுத்துக்கும் துளைகள் விழும் இடம் வேறு. முழுதாக இருக்கும் எழுத்தின் துளைகளை ஒப்பிட்டு, உதிர்ந்ததை ஊகிக்கலாம்.

வாசகத்தைக் கல்லில் உள்ளபடியே எழுதுங்கள். வரி முறியும் இடத்தில் முறித்து, பிழை இருந்தால் பிழையோடு. திருத்துவது உங்கள் வேலை அல்ல. விளங்காத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள்.

கழுவலாமா

பெரும்பாலும் வேண்டாம். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் கேட்டால் மேற்பூச்சு உள்ளே கழன்றிருக்கிறது, அதோடு விட்டுவிடுங்கள். உறுதியாக இருந்தால் நல்ல தண்ணீரும் மெல்லிய பிறஷும் போதும். கம்பிப் பிறஷ், அசிட், குளோரின் எதுவும் கூடாது. பித்தளை விளக்குத் துலக்குவதுபோல் தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்க்கும் ஆட்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல் சுண்ணக்கல். புளி பட்ட இடத்தில் நுரைப்பது அழுக்கல்ல, கல்லேதான் கரைகிறது. எழுத்துத் தெரியட்டும் என்று சோக், மா, கரி பூசுவதும் வேண்டாம், கண்ணாடி ஒளியே போதும்.

பழைய கல்லறைகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. வெடிப்பைக் கண்டதும் சீமெந்து பூசுவது நம்மவர்களின் வழக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பும் உள்ளே தேங்கி, சில மாரிகளில் பக்கத்துக் கல்லையும் தின்றுவிடும். சரிசெய்ய வேண்டுமானால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். எழுத்துக்குக் கறுப்பு மை அடிப்பதும் இதே ரகம். 3ஐ 8 ஆக்கிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே நம்பும். மை பூசிய ஆண்டுகளைக் கொப்பியில் தனியாகக் குறியுங்கள்.

திகதிகளும் பெயர்களும்

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய தமிழ்க் கற்களில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கலாம். ௲௮௱௩௰௩ என்றால் 1833. எட்டு என்ற எண் பார்வைக்கு 'அ' போலவே இருக்கும், ஒன்று 'க' போல, இரண்டு 'உ' போல. ஒரு சொல்லுக்கு நடுவே பொருளில்லாமல் 'அ' நின்றால் எண்ணாக வாசித்துப் பாருங்கள். புள்ளி வைக்காத மெய்யெழுத்தும், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரங்களும் சாதாரணம். காலும் (ா) ரகரமும் (ர) ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒரு பெயரை இரண்டு விதமாக வாசிக்க முடிந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

பராபவ, விகாரி என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பராபவ என்றால் 1846, 1906, 1966, 2026 எதுவும் ஆகலாம். கல்லின் பாணி, பக்கத்துக் கல், குடும்பத்தார் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எது என்று சொல்ல முடியும்.

ஒல்லாந்த வாசகங்களில் 'ஹியர் லெக்ட் பெக்ராவன்' என்று தொடங்கினால் இங்கே அடக்கம் பண்ணப்பட்டவர் என்று பொருள். 'கெபோரன்' பிறப்பு, 'ஓவர்லேடன்' இறப்பு. அந்தக் காலத்து எழுத்தில் ஏழு என்ற எண்ணோடு 'பெர்' சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்ரெம்பர். லத்தீனில் செப்தம் ஏழு. அதேபோல எட்டோடு 'பெர்' ஒக்டோபர், ஒன்பதோடு நவம்பர், பத்தோடு டிசெம்பர். இரண்டு மாதப் பிழை இப்படித்தான் வரும்.

ஆங்கிலக் கற்களில் 'ரெலிக்ட்' என்றால் கணவனை முன்பே இழந்தவர், 'கன்சோர்ட்' என்றால் கணவன் உயிரோடிருக்க இறந்த மனைவி. ஊர்ப் பெயர்களையும் அவர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடிதான் எழுதினார்கள். பட்டிக்கோட்டா வட்டுக்கோட்டை, தில்லிப்பள்ளி தெல்லிப்பழை, ஊடூவில் உடுவில்.

ஆங்கிலப் பெயரைக் கண்டதும் வெள்ளைக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயர்களை வைத்தார்கள். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். இருவரும் நம்மூரவர்கள்தான்.

காகிதத்தைத் தேடுதல்

கல் தருவது பெயரும் திகதியும். யார் மகன், எப்படி இறந்தார், ஏன் இந்த ஊரில் கிடக்கிறார் என்பது காகிதத்தில்தான். ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். 1990 இடப்பெயர்விலும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே காலியானபோதும் பல பதிவேடுகள் தொலைந்தன. சில இடங்களில் யாரோ ஒருவர் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருப்பார். இருக்கும் பக்கங்களை அங்கேயே, பதிவேட்டை வெளியே கொண்டு போகாமல், படம் எடுக்க அனுமதி வாங்குங்கள். மிஷனரிமார் விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. அவர்கள் அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தர் வழித்தோன்றல்களைத் தேடுபவருக்குக் கொழும்பில் தேசிய சுவடிக்கூடமும் வுல்பெண்டால் தேவாலயப் பதிவேடுகளும் உள்ளன.

இந்துக் குடும்பங்களுக்கு வேறு வழி. அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் அச்சுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றே பெயர், இப்போது நினைவு மலர் என்கிறார்கள். அதில் இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, புலவர் ஒருவரிடம் எழுதுவித்த புலம்பல் பாட்டு, பல சமயம் பல தலைமுறைக்கான வம்சாவளியும் இருக்கும். திதி வெண்பா என்ற ஒரு பாட்டை மட்டும் தவறவிடாதீர்கள். ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), எந்தத் திதி என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கிவிடும். ஆண்டுத் திவசத்துக்காக எழுதியது, ஆராய்ச்சிக்கும் அதுவே சான்று. வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் தேடுங்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஏராளமான நினைவு மலர்கள் மின்வருடி வைக்கப்பட்டுள்ளன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலே போதும்.

புகழுரைகளை அப்படியே நம்ப வேண்டாம். வம்சாவளியில் பெண் பிள்ளைகளின் பெயர் விடுபட்டிருக்கும். வேண்டாத உறவும் விடுபட்டிருக்கும். இன்னொரு கிளையின் கல்வெட்டோடு ஒப்பிட்டால் விடுபட்டவர்கள் வெளியே வருவார்கள்.

இப்போதைக்குப் போக வேண்டாத இடங்கள்

செம்மணிப் பகுதியின் மனிதப் புதைகுழிகளிலிருந்து 1999இல் 15 பேரின் உடல் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அது வழக்கு நடக்கும் இடம். காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மார் அங்கே நிற்பார்கள். பழகுவதற்கோ வீடியோவுக்கோ போகும் இடமில்லை.

இறந்த புலிப் போராளிகளுக்கான மாவீரர் துயிலும் இல்லங்களில் இப்போது பதிய மூலக் கல்லே இல்லை. கோப்பாயில் கல்லறைகளை இடித்து அதன் மேல் இராணுவ முகாம் கட்டப்பட்டது. மாவீரர் நாளான நவம்பர் 27இல் குடும்பங்கள் வெளியே நின்று விளக்கேற்றுகின்றன. அவர்களிடமுள்ள பழைய படங்களே ஆவணம். அதை அவர்களாகக் காட்டினால் பாருங்கள், கேட்டு வற்புறுத்தாதீர்கள். முகம் தெரியும் படங்களை இணையத்தில் போடவே வேண்டாம்.

வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே கொப்பியையும் படங்களையும் ஒத்துப் பாருங்கள். ஒரு வாரம் விட்டால் எந்தப் படம் எந்தக் கல் என்று உங்களுக்கே குழம்பும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஊர், ஆலயம், வரிசை எண், கல் எண், படம் எடுத்த திகதி என்ற ஒழுங்கில் வையுங்கள். வரிசையை எந்தப் படலைப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் தலைகீழாக எண்ணுவார்.

பழைய கற்களை ஃபைண்ட் அ கிரேவ் போன்ற தளங்களில் ஏற்றலாம். அண்மைக்கால அடக்கங்களைக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் ஏற்றாதீர்கள். ஒரு பிரதியை ஆலயத்துக்கும் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் அச்சிட்டே கொடுங்கள், பென் டிரைவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அது லாச்சிக்குள் தொலையும். உங்கள் பெயரும் பதிந்த ஆண்டும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். கேள்விக்குறி போட்ட இடங்களை அச்சுப் பிரதியிலும் எடுத்துவிடாமல் விடுங்கள், பதிவேட்டைப் பார்த்த யாராவது ஒருவர் பென்சிலால் திருத்தித் தருவார்.